டிரான்ஸ்ஃபார்மர் விற்பனைக்கு

நடீனின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அலுவலகம் குத்திய முத்திரையில் இரண்டே வரி. மாணவரின் மனைவி. வேலை செய்ய அனுமதி இல்லை.

டொமினிக்கா தீவில் வந்து இறங்கிய அன்று அதைப் படித்து அவளுக்குக் கோபம் வந்தது. ஒன்றரை வருஷம் கழித்து இப்போது படித்தால் ஒன்றும் வருவதில்லை. மரத்துப்போன கால் மாதிரிதான். கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது.

ஒஹாயோவில் அவள் ஒன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனியோ மழையோ, விடிகாலையில் வண்டியை எடுத்தால் அறுபது பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. டிரைவர்கள் சங்கத்தில் டிப்போ பிரதிநிதி வேறு. மேலாளர் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறாள். புருஷன் ரஸல் ஆம்புலன்சில் வேலை பார்த்தான். பன்னிரண்டு வருஷம் ஆட்களை டாக்டர்களிடம் கொண்டுபோய் ஒப்படைத்தவனுக்கு, முப்பத்தாறு வயதில் தானே டாக்டராக வேண்டும் என்று பட்டது. சொந்த ஊர்க் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. தீவில் ஒரு கல்லூரி சேர்த்துக்கொண்டது. வீட்டை விற்றார்கள். நடீன் பஸ் சாவியை டிப்போவில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேலை செய்ய அனுமதி இல்லை என்றால் வேலை கிடையாது என்று அர்த்தமில்லை. கூலி கிடையாது என்று அர்த்தம். நாலரைக்கு எழுந்து, குழாய் நிற்பதற்குள் நாலு வாளி பிடிக்க வேண்டும். ரஸலின் வெள்ளைக் கோட்டைத் துவைத்து, மத்தியான மழைக்கு முன்னால் காயவைத்து எடுக்க வேண்டும். சந்தைக்கு நடந்துபோய் சேப்பங்கிழங்கும் சீமைப்பலாவும் உப்பு மீனும் வாங்கி வர வேண்டும். சாயங்காலம் அட்டை எழுத வேண்டும். அவன் பாடப் புத்தகத்தில் கோடு போட்டுத் தருவான். அவள் உள்ளங்கை அளவு அட்டையில் ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதுவாள். சாப்பிடும்போது கேள்வி கேட்பாள், அவன் பதில் சொல்வான். இப்படி இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகள் சேர்ந்துவிட்டன. மண்டையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு நரம்புகளையும் அவள் தூக்கத்தில்கூட வரிசையாகச் சொல்வாள். ஐந்தாவது, முகத்தில் தொட்டால் தெரிவதற்கு. ஏழாவது, முகம் அசைவதற்கு.

போன பருவத்தில் ரஸல் ஒரு பாடத்தில் தோற்றான். மறுதேர்வு ஒன்று உண்டு. அதிலும் தோற்றால் வெளியே. அவன் எழுதிவிட்டு வந்து, "தேறிட்டேன்" என்றான். நடீன் கோழி வறுத்தாள். அடுத்த பருவம் தொடங்கியது. ரஸல் காலை ஏழு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"அட்டைக்குப் புத்தகம் எங்க?" என்று அவள் கேட்டபோது, "இந்தப் பருவம் பூரா மைக்ராஸ்கோப்தான், படம்தான். அட்டை வேணாம்" என்றான்.

சாயங்காலம் அவளுக்கு வேலை இல்லாமல் போனது. பால்கனியில் உட்கார்ந்து மலைப்பாதையில் இறங்கும் மினி பஸ்களைப் பார்த்தாள். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல் போகிறவர்களைப் பார்த்தால் அவளுடைய வலது கை தானாக ஒருதரம் அசையும். அவ்வளவுதான் அந்த மூன்று வாரத்துச் செய்தி. ஆங், இன்னொன்று. ரஸலின் செருப்பிலிருந்து தினமும் கறுப்பு மணல் கொட்டியது. அவள் தினமும் பெருக்கினாள்.

கீழ்வீட்டுக்காரி மிஸ் யூலாலிதான் வீட்டுக்குச் சொந்தக்காரி. பின்கட்டில் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு விற்பவள். ஒருநாள் காலை, மாவு ஒட்டிய கையோடு வாசலில் நின்று கேட்டாள்:

"என்ன டாக்டரம்மா, உங்க வீட்டு டாக்டர் இப்பல்லாம் மீன் பிடிக்கப் போறாரா? ஆத்து முகத்துல, பாறை மேல குந்திட்டு இருந்தாரே."

"காலேஜுல இருக்கற மீனையே அவரால பிடிக்க முடியல, மிஸ் யூலாலி."

"அதுஞ்சரி, டூடூ" என்று தீவுக்காரர்கள் செல்லமாகக் கூப்பிடும் வார்த்தையைச் சொன்னாள் யூலாலி. சிரிக்கவில்லை. சூடான ரொட்டி ஒன்றை நடீனின் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த ரொட்டிக்கு அவள் காசு வாங்கவில்லை என்பது நடீனுக்கு மாடியேறிய பிறகுதான் உறைத்தது.

இனி டிரான்ஸ்ஃபார்மர் சமாச்சாரம். தீவில் கரண்ட் இருநூற்று முப்பது வோல்ட். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சாமான்களுக்கு நூற்றுப்பத்துதான் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். கைக்குழந்தையைவிடக் கனம். இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, ரேடியோ எல்லாம் அதில்தான் ஓடும். அது இல்லாவிட்டால் அமெரிக்காக்காரன் வீட்டில் ஒன்றும் அசையாது. ஆகவே தீவைவிட்டுப் போகிறவர்கள் கடைசியாக விற்பது அதைத்தான்.

தோற்றுப்போனவர்கள் தோற்றோம் என்று சொல்வதில்லை. சந்தைக்குப் பக்கத்துக் கடையின் பலகையில் ஒரு காகிதம் குத்துவார்கள். விற்பனைக்கு என்று சாமான் பெயர் இருக்கும். மற்ற மாணவர்களின் மனைவிமார் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது. எந்தப் பாடம் என்று கேட்கக் கூடாது. எந்த ப்ளைட் என்று மட்டும் கேட்கலாம். தேவையோ இல்லையோ, ஏதாவது ஒரு சாமானை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாரும் தவறாமல் செய்தார்கள். நடீன் பார்த்த சங்கங்களில் இவ்வளவு ஒழுங்கான சங்கம் கிடையாது, இவ்வளவு வாய்மூடிய சங்கமும் கிடையாது.

போன வருஷம் கரோல் என்பவள் போனபோது நடீனும் போனாள். சோளரொட்டி கொண்டுபோனாள். "எந்த ப்ளைட்?" என்று கேட்டாள். டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிக்கொண்டாள். கரோலின் முகத்தைப் பார்க்கவில்லை. படியிறங்கும்போது கரோல் பின்னாலிருந்து, "தரையில வைக்காத, மழைக்குத் தண்ணி ஏறும்" என்றாள். நடீன் தலையாட்டிவிட்டு நடந்தாள். இடுப்பு வலித்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

அதை வாங்கியதே தன்னுடைய பழையது உறுமிக்கொண்டிருந்ததால்தான். மிஸ் யூலாலியின் தம்பி மகன் ஒரு வயரை மாற்றிப் பழையதையும் சரிசெய்துவிட்டான். ஒன்றுக்கு இரண்டு ஆகிவிட்டது. வீட்டில் இடமோ இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நடீன் ஒரு காகிதத்தில், "டிரான்ஸ்ஃபார்மர் விற்பனைக்கு. நல்ல நிலைமை. ரொட்டிக் கடை மாடி, நடீன்" என்று எழுதிப் பலகையில் குத்திவிட்டு வந்தாள்.

இரண்டு இருக்கிறது என்று எழுதவில்லை. அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மார்னி நின்றாள். மனைவிமார் குழுவுக்கு அவள்தான் தலைவி. அவள் புருஷன் ரஸலுடைய வகுப்பில்தான் படிக்கிறான். அவளுக்குப் பின்னால் பெத்தனி. வந்து ஒரு மாதம்கூட ஆகாத சின்னப் பெண். இன்னும் இரண்டு பேர் படியில் நின்றார்கள். எல்லார் கையிலும் துணி மூடிய பாத்திரம்.

"சூடா இருக்கு, எங்க வைக்க?" என்றாள் மார்னி.

"என்னடி இது, எனக்குப் பொறந்தநாளா?"

மார்னி பாத்திரத்தை மேசையில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். நாற்காலி போதாமல் பெத்தனி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். யாரும் பேசவில்லை. வழக்கமாக இவர்கள் நாலு பேர் சேர்ந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"டிரான்ஸ்ஃபார்மர் நான் எடுத்துக்கறேங்க" என்றாள் பெத்தனி. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற குரல்.

"தாராளமா எடுத்துக்க. தூக்கிருவியா? ஒடஞ்சுராத."

"தூக்கிருவேன்."

"தரையில வைக்காத. மழைக்குத் தண்ணி ஏறும்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று நடீனுக்கு ஞாபகம் வந்தது. கரோல் வீட்டுக்கு அன்று வந்திருந்த மார்னிக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ப்ளைட்?" என்று கேட்டாள் மார்னி.

நடீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட பைத்தியங்களா! அதுக்கா இத்தனை பாத்திரம்? நாங்க எங்கயும் போகல. எங்கிட்ட ரெண்டு இருக்கு. கரோல் குடுத்தது ஒண்ணு, பழசு ஒண்ணு. அதான் ஒண்ண விக்கறேன்."

யாராவது சிரித்திருக்க வேண்டும். நெற்றியில் அடித்துக்கொண்டு, பாத்திரங்களைத் திரும்பத் தூக்கியிருக்க வேண்டும். ஒருத்தியும் அசையவில்லை. பெத்தனி மார்னியைப் பார்த்தாள். மார்னி பார்வையை எடுக்கவில்லை, மேசைத் துணியிலேயே வைத்திருந்தாள்.

பஸ்ஸில் பின்னால் கத்திக்கொண்டிருக்கும் அறுபது பிள்ளைகள் திடீரென்று வாயை மூடினால் டிரைவருக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியைப் பார்க்கவே வேண்டாம். பின்னால் ஏதோ நடந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். பார்க்காதது டிரைவர் மட்டும்தான்.

"மார்னி, உன் வீட்டுக்காரர் ரஸலை வகுப்புல பாத்தாரா?"

"எங்கிட்ட கேக்காத, நடீன்."

"எத்தனை நாளா பாக்கல?"

கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. பலகையில் காகிதம் வரும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். மூன்று வாரமாகச் சந்தையில் பார்த்துக் கையாட்டினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். கீழே ரொட்டி சுடுகிறவள்கூடத் தன்னால் முடிந்த மட்டும் சொல்லிப்பார்த்தாள்.

நடீனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. ஏழாவது நரம்பு நன்றாகத்தான் வேலை செய்தது. ஐந்தாவதில்தான் ஒன்றும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரஸல் வந்தான். வாசலில் நின்று பெண்களைப் பார்த்தான், மேசையில் வரிசையாக இருந்த பாத்திரங்களைப் பார்த்தான். தோளிலிருந்த பையை மெல்ல இறக்கி வைத்தான்.

"யாரு சொன்னா?" என்றான்.

"நீதான்" என்றாள் நடீன். "இப்பதான் சொன்ன."

பெண்கள் எழுந்தார்கள். வழக்கப்படி ஆளுக்கொன்று வாங்க வேண்டும், ஆனால் விற்கிறவள் இன்னும் பட்டியல் போடவில்லை. மார்னி கதவோரம் தடுமாறி நின்று, கடைசியில் பெத்தனி உட்கார்ந்திருந்த வாளியைக் கையில் எடுத்தாள்.

"இத எடுத்துக்கவா?"

"காலையில தண்ணி பிடிக்கணும், மார்னி. வச்சுட்டுப் போ. ப்ளைட்டுக்கு முந்தி எடுத்துக்க."

பெத்தனி டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் கேட்டது.

ரஸல் நாற்காலியில் உட்கார்ந்தான். நிறையச் சொல்ல ஆரம்பித்தான். நாலு மார்க்கில் போயிற்று. மேல்முறையீடு எழுதிப் போட்டான், அதையும் தள்ளிவிட்டார்கள். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தான், வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

நடீன் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்தாள். பட்டாணி போட்ட சோறு, மக்ரோனி, மறுபடி மக்ரோனி, வாழைப்பழ ரொட்டி. தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். டிப்போவில் ஒரு ஆளை வேலையைவிட்டுத் தூக்கினால் அவள் நூறு கேள்வி கேட்பாள். இங்கே ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"எந்த ப்ளைட்?"

ரஸல் தலையை உயர்த்தினான். தீவில் அவனும் ஒன்றரை வருஷம் இருந்தவன். அந்தக் கேள்வி அவனுக்கும் தெரியும். "இன்னும் டிக்கெட் எடுக்கல" என்றான். அதற்குப் பிறகு சாப்பிட்டான்.

மறுநாள் காலை நாலு வாளி தண்ணீர் பிடித்தாள். துவைக்கக் கோட்டை எடுத்துவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டினாள். மேசையில் உட்கார்ந்து பட்டியல் போட்டாள். ஃபேன். மிக்ஸி. இஸ்திரிப் பெட்டி. கொசுவலை இரண்டு. வாளி மூன்று, நாலாவது மார்னிக்கு. டிரான்ஸ்ஃபார்மர், இன்னொன்று. கடைசி வரியில் எழுதினாள்: படிப்பு அட்டைகள், ஒரு பெட்டி.

ரஸல் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அத விக்காத, நடீன்."

"ஏன்?"

"அது என்னோடது. ஒன்றரை வருஷம் அதுல போட்டுருக்கேன்."

நடீன் பெட்டியிலிருந்து ஒரு கத்தை அட்டைகளை அள்ளி அவன் முன்னால் விரித்தாள். அடர்த்தியான, சாய்வில்லாத எழுத்து. பஸ் பயணப் பதிவேட்டில் எழுதிப் பழகிய எழுத்து.

"கையெழுத்து யாருது?"

அவன் பார்த்தான். ஒரு அட்டையை எடுத்துத் திருப்பினான். திரும்ப வைத்தான்.

சந்தைப் பலகையில் பழைய காகிதத்தை எடுத்துவிட்டு, அதே ஆணியில் புதியதைக் குத்தினாள் நடீன். கடைக்குள் அரிசி வாங்கிக்கொண்டிருந்த பெத்தனி வெளியே வந்து மேலிருந்து கீழே படித்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அட்டை என்ன வெலைங்க? இவரு மொத பருவம்தான். ராத்திரியெல்லாம் நானே எழுதிக் குடுக்கறேன், கை வீங்கிப்போச்சு."

"வெலை இல்ல. சும்மா எடுத்துக்க. ஆனா ஒண்ணு. மிச்சத்த நீ எழுதாத. அவனையே எழுதச் சொல்லு."

பெத்தனி சிரித்தாள், வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு.

"நான் வெளையாடல" என்றாள் நடீன். "பெரிய பையா எடுத்துட்டு வா. கனக்கும்."