நானா கிழித்த படுதா

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஆறு, நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஒன்றும் சோடை போகவில்லை. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆகையால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அதற்காக, பத்திரிகை படித்தவர்களைவிட நான் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

மெர்டேக்காவுக்கு, அதுதான் இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததற்கு, முந்தைய வருடம். காஜா பெராங் தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி நானாவின் மளிகைக்கடை. அண்ணன் முறைக்குத் தெருவே அவரை நானா என்றுதான் கூப்பிடும். அம்மன் தேர் வரும் நாளில் அவர் கடைவாசலில் நிற்கும். வடம் இழுப்பவர்களுக்கு அவர் பானகம் கொடுப்பார். தேர் இடிக்கக் கூடாதென்று வாசல் படுதாவைக் காலையிலேயே சுருட்டிக் கட்டிவிடுவார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளாய் அப்படித்தான்.

அந்த வருடம் கோயில் கமிட்டிக்கு ஆடம்பரம் பிடித்தது. தேருக்கு மேல் மூங்கிலில் இன்னொரு அடுக்கு கட்டினார்கள். நானாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. சுருட்டியிருந்த படுதாவில் கலசம் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் வடத்தை இழுத்தார்கள், தேர் சாய்ந்தது. வடத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார். "வெட்டுங்க நானா! சீக்கிரம் வெட்டுங்க!" என்று கத்தியது அவர்தான். நானா வெங்காய மூட்டை அறுக்கும் கத்தியோடு சக்கரத்தில் கால்வைத்து ஏறித் தன் படுதாவைக் குறுக்கே கிழித்தார். தேர் நிமிர்ந்தது. எல்லோரும் தாயே தாயே என்று கும்பிட்டார்கள். பானகம் குடித்துவிட்டுப் போனார்கள். இடுப்பில் பிள்ளையோடு நின்று பார்த்தவள் நான்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் பத்திரிகையைக் கொண்டுவந்து சத்தமாகப் படித்தார். 'இந்துக்களின் தேரை மறித்தது முஸ்லிம் கடை. கத்தியுடன் தேரில் ஏறிய முஸ்லிம் ஆடவர்.' கீழே மூங்கிலும் இல்லை, பானகமும் இல்லை.

"கத்தியோட ஏறுனது நெசந்தானே?" என்றார்.

"வெட்டுங்கன்னு கத்துனது யாரு வாயி?"

"அது அப்ப. பேப்பர்ல போட்டிருக்கான்னா உள்ள ஏதோ இருக்கும்டி. ஒனக்கு என்னா தெரியும், கைநாட்டு."

கைநாட்டாம்! முந்தாநாள் வரை அவருக்கு அது நானா கடை. அன்று முதல் முஸ்லிம் கடை. பானகம் குடித்த வாயெல்லாம் அப்படியே சொல்லிற்று. ஒரு பிடி மிளகாய்க்குக்கூட டவுன் மார்க்கெட் வரை நடந்தார்கள். நான் மட்டும் போனேன்.

"நீ ஏன் தங்கச்சி வர்றே? ஒன்னயும் பேசுவாங்க," என்றார் நானா.

"பேசிட்டுப் போகட்டும். புளி போடுங்க."

மறு வருடம், தேரை வேறு தெருவில் திருப்பக் கமிட்டி கூட்டம் போட்டது. நானாவிடம் கிழிந்த படுதாவை வாங்கிக்கொண்டு போனேன். பெண்கள் போகாத கூட்டம். தலைவர் காலடியில் விரித்தேன்.

"பாருங்க. கத்தி பட்டது அம்மன் மேலயா, அவரு சொத்து மேலயா?"

தலைவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சரிம்மா. பேப்பர்ல வந்துருச்சே. மறுபடி அங்க நிறுத்துனா நம்மள என்னான்னு எழுதுவான்?"

"அம்மன் பேப்பர் படிக்கிறாளா?"

சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'நான்தான் வெட்டச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை, வரவில்லை. அவர் போய் இருபது வருடமாகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேர் பின்தெருவில் போனது. அன்றும் நானா புதுப் படுதாவைச் சுருட்டிக் கட்டி, பானக அண்டாவோடு வாசலில் நின்றார். மத்தியானம் அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். அந்த மாதமே கடையை விற்றுவிட்டுச் ஊருக்கு வெளியே செங் பக்கம் போய்விட்டார்.

எழுதினவன் தேரைப் பார்த்தானோ இல்லையோ. பார்த்தவர்கள் நம்பினார்களே, என் வயிற்றெரிச்சல் அவர்கள்மேல்தான்.

போதும் கண்ணு, பேனாவை வை. முதலிலிருந்து படி. பத்திரிகையும் அந்த வாய்களும் சொன்ன இடம் தவிர, நானா கடை என்ற பேருக்கு முன்னால் நீயாக அந்த வார்த்தையைச் சேர்த்திருந்தால் அடித்துவிடு. ம், படி.