பிரின்டரில் கிடந்த தாள்

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. திருவண்ணாமலையில், வேங்கிக்கால் தாண்டி இருக்கும் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் அப்போது நான் கிளார்க். இப்போதும் அதே நாற்காலிதான்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. காய்கறிக்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுப்பேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால் எல்லாரும் செருப்பை எங்காவது விட்டுவிட்டு நடப்பார்கள். நான் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மலையைச் சுற்றி வருவேன். வீட்டில் என்னை சி.ஐ.டி. என்று கிண்டல் செய்வார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்ட நான் ஷேர் வாங்கினேன். அடி அண்ணாமலையில் அப்பாவுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தை விற்று, அண்ணன் என் பங்கை என் கையில் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என் பேருக்கென்று வந்த பணம். இரண்டு வருடம் கழித்து மகளை நர்சிங் சேர்க்க அதைத்தான் நம்பியிருந்தோம். பேசாமல் பேங்கில் போடு என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை.

காரணம், எங்கள் ஆபீஸ் அக்கவுண்டன்ட். ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். மத்தியானம் சாப்பிடும்போது ஷேர் பற்றி யாராவது கேட்டால்தான் வாயைத் திறப்பார். இதை வாங்கு, அதை வாங்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கம்பெனி என்ன செய்கிறது, கடன் எவ்வளவு, லாபம் வருடா வருடம் ஏறுகிறதா என்று பாருங்கள் என்பார். கம்பெனியின் வருடாந்திர அறிக்கை நெட்டிலேயே கிடைக்கும், எடுத்துப் படியுங்கள் என்பார். கூடச் சாப்பிடும் கிளார்க்குகள் நாங்கள் நாலு பேரும் நன்றாகத் தலையாட்டுவோம். அப்புறம் சார் எதை வைத்திருக்கிறார் என்று மட்டும் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொள்வோம். அப்படித் தெரிந்துகொண்டதுதான் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. நாலு வருடமாக வைத்திருக்கிறேன் என்றார். எல்லாருமே வாங்கினோம். நான்தான் ஜாஸ்தி.

வாங்கினேனே தவிர நிம்மதி போய்விட்டது. ஒரு பைசா வாங்காமல் இவர் எதற்கு நமக்குச் சொல்கிறார்? நம்மை வாங்க வைத்து விலையை ஏற்றிவிட்டு, தன்னுடையதைத் தள்ளிவிடுகிற திட்டமோ? நாலு கிளார்க் வாங்கி ஒரு கம்பெனியின் விலை ஏறிவிடுமா என்று கேட்டுக்கொள்ளக்கூட புத்தி வேலை செய்யவில்லை. அவர் போனைக் கையில் எடுத்தால் எட்டிப் பார்ப்பேன். வெளியே போய்ப் பேசினால் யாரிடம் என்று யோசிப்பேன்.

ஒரு வாரம் விலை தொடர்ந்து இறங்கியது. திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில், வைத்திருக்கலாமா விற்றுவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெச்சிருக்கலாம் மேடம். கம்பெனி நல்லாத்தான் இருக்கு" என்றார். டிபன் பாக்ஸில் பாதிச் சோறு மிச்சம் இருக்க, மூடி எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். மனசில் குற்றம் இருக்கிறது, அதான் சோறு இறங்கவில்லை என்று நான் குறித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, மாணவர் பட்டியல் எடுக்க ஆபீஸ் பிரின்டரிடம் போனேன். அதில் ஒரு தாள் கிடந்தது. மேலே அவர் பெயர். ஒரு நாளில் என்னென்ன விற்றோம், வாங்கினோம் என்று ஷேர் புரோக்கர் அனுப்புகிற கணக்கு. நடுவில் எங்கள் பம்பு கம்பெனியின் பெயர். அதற்கு நேராக, விற்றது. தேதியைப் பார்த்தேன். என்னிடம் வைத்திருக்கச் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளி.

உடம்பெல்லாம் கொதித்தது. கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நான் நினைத்தது சரியாகிவிட்டதே. போனில் படம் எடுத்துக்கொண்டு தாளை அப்படியே வைத்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பெரிதாக்கி மற்ற மூன்று பேருக்கும் காட்டினேன். அன்றைக்கே நாலு பேரும் விற்றுத் தீர்த்தோம். போட்டதில் கொஞ்சம் நஷ்டம்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் காதில் பூச்சுற்றுவார் என்று நானே மற்றவர்களையும் தடுத்துவிட்டேன். கேட்பதற்குப் பதிலாக ஜாடை பேசினோம். அவர் வந்து உட்கார்ந்தால், இப்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரே கழுத்தறுக்கிறார் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நான் சிரிப்பேன். பத்து நாளில் அவர் தன் மேசையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். விஷயம் கல்லூரி முழுக்கப் பரவியது. பரப்பியதில் பெரும்பங்கு என்னுடையது.

எட்டு மாதம் போனது. அந்தக் கம்பெனியின் கணக்கில் ஏதோ கோளாறு என்று செய்தி வந்து, விலை மடமடவென்று சரிந்தது. நாங்கள் விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆபீஸில் எனக்கு ஒரே பாராட்டு. பக்கத்து சீட்டுப் பெண் ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்துவிட்டாள். அக்கா மட்டும் இல்லை என்றால் என் நகைச் சீட்டுப் பணம் மொத்தமும் போயிருக்கும் என்றாள். அந்த போட்டோவை எனக்கு அனுப்புங்க அக்கா, என் வீட்டுக்காரர்கிட்ட காட்டணும் என்றும் கேட்டாள்.

அனுப்புவதற்காகப் படத்தைத் திறந்தேன். இந்தத் தடவை பெரிதாக்காமல் முழுசாகப் பார்த்தேன். பம்பு கம்பெனிக்கு மேலே ஆறு வரி, கீழே நாலு வரி. பதினொரு கம்பெனி. எல்லாமே விற்றது, ஒரே நாளில். இதை மட்டும் என் பேரனுக்கு என்று வைத்திருக்கிறேன் என்று முன்பு ஒரு தடவை அவர் சொன்ன கம்பெனியும் அதில் இருந்தது. எங்களை ஏமாற்றிவிட்டு ஓடுகிறவர் எதற்கு எல்லாவற்றையும் விற்க வேண்டும்? படத்தை அனுப்பாமல் போனை மூடினேன்.

சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் அவருக்காக நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் போகப் பார்த்தார். அந்த எட்டு மாதத்தில் அவரை எப்படி ஆக்கி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தாளைப் பார்த்ததைச் சொன்னேன். ஏன் சார் எல்லாத்தையும் வித்தீங்க என்று கேட்டேன்.

சொன்னார். வீட்டு விஷயம், அவர் பெண் சம்பந்தப்பட்டது. அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

அன்றைக்கே எங்களிடம் சொல்லியிருக்கலாமே சார் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"வித்ததைச் சொல்லியிருக்கணும், அது என் தப்புதாங்க. ஆனா சொன்னா ஏன்னு கேப்பீங்க. அப்புறம் கம்பெனியை விட்டுட்டு என் பொண்ணைப் பத்தித்தான் பேசியிருப்பீங்க, மேடம்."

அவர் சொன்னது சரிதான். பேசியிருப்போம்.

அவரே தொடர்ந்தார். "நீங்க வித்தது நல்லதாப் போச்சு. அந்தக் கம்பெனியைப் பத்தி நான் நெனச்சது தப்பு. ஆனா நெனச்சதைத்தான் உங்ககிட்ட சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைங்க என்றார். பெண் விஷயம் மட்டும் ஆபீஸில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் மத்தியானம் எல்லார் முன்னாலும் சொன்னேன், அவர் மேல் தப்பில்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று. அப்படியென்றால் எதற்கு விற்றார் என்று கேட்டார்கள். எனக்குக் காரணம் தெரியும், சொல்ல முடியாது. நான் தயங்கியதைப் பார்த்து ஒருத்தர் கண்ணடித்தார். அக்காவை ஏதோ சொல்லிச் சரிக்கட்டிவிட்டார் போல என்றாள் ஸ்வீட் வாங்கி வந்தவள். ஒரு வரியைக் காட்டி நான் சொன்னதை ஐந்து நிமிடத்தில் நம்பியவர்கள், இதை நம்பவே இல்லை. அதற்குப் பிறகும் நாலைந்து தடவை முயற்சி செய்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் மேல் சந்தேகம் போகாமல், என் மேலும் கொஞ்சம் வந்ததுதான் மிச்சம்.

அந்த வருட முடிவில் அவர் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார். வழியனுப்ப நான் மட்டும் போனேன். கைகூப்பிவிட்டு பஸ் ஏறினார்.

மகள் இப்போது நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அந்தப் பணம் தப்பித்ததால்தான் படிக்கிறாள். இப்போதும் ஷேர் வாங்குகிறேன், கம்மியாக. கம்பெனியின் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, புரியாத இடத்தை மகளை நெட்டில் தேடச் சொல்லி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன். வாங்கலாமா, வைத்திருக்கலாமா என்று ஆபீஸில் எல்லாரும் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை நான் கெட்டிக்காரி, அவர் மோசக்காரர். இரண்டும் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த ஆபீஸில் நான்தான், அதைச் சொன்னால் மட்டும் அங்கே யாரும் என் பேச்சை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.