கூடாரத்துக்கு வெளியே இரண்டு ஜோடி பூட்ஸ்

கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து கையை நீட்டி பூட்ஸைத் தொட்டேன். தோலைத் தொட்ட மாதிரியே இல்லை, அம்மிக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கவில்லை. என்னுடையது ஒரு ஜோடி, அண்ணியுடையது ஒரு ஜோடி. முந்தின சாயங்காலம் நான் எப்படி வரிசையாக வைத்தேனோ அப்படியே உறைந்து நின்றன. விடிந்துகொண்டிருந்தது. பந்தயத்தின் மூன்றாவது நாள், கடைசி நாள். விசில் ஊதி அரை மணி நேரத்துக்குள் கிளம்பாத ஜோடியை நீக்கிவிடுவார்கள். நான் பூட்ஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்போதே விசில் ஊதிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்து வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று நான்கு பேர் இருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அண்ணி ஹனூர்க்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று சந்தே காத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் சேர்ந்து போய் மலையேற்றக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தக் குழு எங்களை ஒரு குளிர்காலத்தில் இமாசலத்துக்குப் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அடுத்த வருஷம் அங்கேயே நடந்த மூன்று நாள் பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் பெண்கள் ஜோடியாக எங்களை அனுப்பியது. கூடாரம், ஸ்டவ், சாப்பாடு எல்லாம் முதுகில். இரண்டு இரவு பனியிலேயே படுக்க வேண்டும். ஜோடியில் ஒருவர் நின்றுவிட்டால் மற்றவரும் அவுட்.

மைசூரில் பனிக்கு எங்கே போவது? பலகைக்கு அடியில் ஸ்கேட்டிங் சக்கரம் அடித்து, ஆளுக்கு இரண்டு மூங்கில் கழியோடு, விடிகாலையில் ஊருக்கு வெளியே ரோட்டில் தள்ளித் தள்ளிப் பழகினோம். சைக்கிளில் வரும் பால்காரர் தினமும் எங்கள் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைப்பார். "ஏனக்கா, நீரில்லதே தோணி ஓடிஸ்தீரா?" என்று கேட்டுவிட்டுப் போவார். தண்ணீரில்லாமல் படகு விடுகிறீர்களா என்று கேலி. அண்ணி சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா வேறு கிளம்புகிற அன்று வாசலில் நின்று, "போறது போறீங்க, பாதியில திரும்பி வந்து என் மானத்த வாங்காதீங்க" என்று சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையை ரயிலில் வட இந்தியா வரைக்கும் மென்றுகொண்டே போனேன். முடிக்காமல் திரும்புவதில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது. அது நல்ல பிடிவாதம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதல் நாளே முகாம் அதிகாரி எல்லோரையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னார்: ஈரமான பூட்ஸைப் பையில் சுற்றி, தூங்கும் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி அண்ணி அப்படியே செய்தாள், என்னையும் செய்ய வைத்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணி வெளியே பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒழுங்குபடுத்துவது என் வேலை. ஒரு மூலையில் சாமுண்டி படத்தைச் சாய்த்து வைத்தேன். அதன் பக்கத்தில் அரிசிப் பை. பிறகு பூட்ஸைப் பார்த்தேன். சாமி படமும் சோறும் இருக்கிற இடத்தில், தலைமாட்டில், காலில் போடுவதை எப்படி வைப்பது? எங்கள் வீட்டில் வாசல்படியைத் தாண்டி ஒரு செருப்பு உள்ளே வந்தது கிடையாது. அதிகாரி சொன்னது ஞாபகம் இருந்தது. ஒரு ராத்திரிதானே என்று எடுத்து வெளியே வைத்தேன். அண்ணி சாப்பிட்ட கையோடு அசந்து தூங்கிவிட்டாள்.

விசில் ஊதியதும் அண்ணி எழுந்து பூட்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். மண்ணெண்ணெய் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

"முதல்ல உன்னுதக் கொண்டா கண்ணு. என்னுது அப்புறம் பார்த்துக்கலாம்."

என் பூட்ஸைத் தீக்கு மேலே பிடித்துப் பிடித்து இளக்கிக் கொடுத்தாள். அதற்குள் ஸ்டவ் அணைந்துவிட்டது. தன்னுடையதைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு காலை உள்ளே திணித்தாள். நேரம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது கிளம்பினோம். நான் முன்னால், அவள் பின்னால்.

ஒரு மணி நேரம் போனதும் அவள் பலகை உரசுகிற சத்தம் மாறியது. இரண்டு காலுக்கும் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது, பிறகு இடது பக்கம் மட்டும் இழுத்து இழுத்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். இடது காலை மரக்கால் மாதிரி தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். மூன்று முறையும் "என்ன அண்ணி?" என்பது நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் நிற்க வேண்டும். அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு முன்பக்கம் திரும்பினேன். பாதி வழியில் டாக்டரின் கூடாரம் இருந்தது. அவர் வெளியே வந்து அண்ணியின் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சரியாக இருக்கிறீர்களா என்று கேட்டார். அண்ணி வாய் திறப்பதற்குள் நான், "ஓக்கே சார்" என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையசைத்து வழிவிட்டார்.

முடித்தோம். கடைசியிலிருந்து இரண்டாவது ஜோடி. யாரோ கை தட்டினார்கள். அண்ணியின் பூட்ஸைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இடது காலில் மூன்று விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. ஊர் வந்து சேர்ந்த பிறகு கறுத்தன. இரண்டை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதைக் காப்பாற்ற முடிந்தது. பூட்ஸை யார் வெளியே வைத்தது என்று அண்ணன் கேட்டபோது, "ரெண்டு பேருந்தான் வெச்சோம்" என்றாள் அண்ணி. படித்த நர்ஸுக்கு இது தெரியாதா என்று அம்மா அவளைத்தான் பேசினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணி அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்று வேலை பார்த்தாள். குளிர்காலத்தில் மட்டும் அந்தக் கால் நடையை மாற்றிவிடும். பூட்ஸை வெளியே வைத்ததற்கு நான் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அது தெரியாமல் செய்த தப்பு என்று அவளே சமாதானம் சொல்வாள். அன்று வழியில் தெரிந்தே செய்ததை மட்டும் சொல்லாமல் இருந்தேன். போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏனோ அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. அவள் அவரைக்காய் நார் எடுத்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உங்க கால் சரியில்லைன்னு எனக்குத் தெரியும் அண்ணி. மூணு தடவ திரும்பிப் பார்த்தேன். வேணும்னேதான் கேக்கல."

அண்ணி நார் எடுப்பதை நிறுத்தவில்லை.

"நாலு தடவ கண்ணு" என்றாள். "ஒவ்வொருக்காவும் இப்பக் கேப்பே, இப்பக் கேப்பேன்னு பார்த்துட்டே வந்தேன்."