நூற்று இருபத்தெட்டுக்கு மேல்

ஜாசினிலிருந்து நியாலாஸ் போகும் வழியில் ரப்பர் மிதியடி செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். ரப்பரை நீராவியில் வேகவைக்கும் இரும்புத் தொட்டியை ஓர் அக்கா கவனித்துக்கொண்டார். முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். அந்த வேலையை விட்டு வந்து பதினோரு வருடமாக அதே தொட்டிதான்.

தொட்டியின் பழைய முள் மீட்டர் மங்கிப்போனதால், சிவப்பு எண்கள் காட்டும் டிஸ்பிளே ஒன்றைச் செய்யச் சொன்னார் மேனேஜர். சென்சார் ஐந்து வோல்ட் கொடுத்தால் நூற்றைம்பது டிகிரி. அந்த வோல்டேஜைச் சிப் பூஜ்யத்திலிருந்து 255 வரையான எண்ணாக மாற்றித் தரும். அதை 150ஆல் பெருக்கி 255ஆல் வகுக்க வேண்டும். சி மொழி புரோகிராமில் ஒரே வரி. கொதிக்கும் தண்ணீரில் சோதித்தேன், நூறு காட்டியது. தொட்டியில் வழக்கமான நூற்று இருபதும் சரியாக வந்தது. முள் மீட்டர் என் எண்ணிலிருந்து இரண்டு டிகிரி தள்ளிக் காட்டுகிறது என்ற எரிச்சலில் அதைக் கழற்றியே விட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அக்கா என் பட்டறைக்கு வந்தார்.

“தம்பி, நம்பர் ஏறுச்சு, இப்ப தானா இறங்குது. ஆனா ரப்பர் கருகுற வாசம் வருதுலா.”

சோல்டரிங்கிலிருந்து நான் நிமிரவில்லை. “நம்பரப் பாத்து செய்ங்கக்கா. கொறஞ்சா ஸ்டீம் கூட்டி விடுங்க.”

அவர் போய்க் கூட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் சேஃப்டி வால்வு அலறியது. எல்லோரும் வெளியே ஓடினோம். அக்கா மட்டும் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு மெயின் வால்வை மூடிவிட்டு வந்தார். இடது உள்ளங்கை வெந்திருந்தது.

விசாரணையில், எண் இறங்கியதைத்தான் பார்த்தேன் என்றார் அக்கா. மேனேஜர் என்னைப் பார்த்தார். “டிஸ்பிளே சரியாத்தான் இருக்கு. அக்கா தப்பா படிச்சிருக்கலாம்” என்றேன். என்னிடம் வந்து கேட்டதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் சென்சாரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் நானே வோல்டேஜ் கொடுத்துப் பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு வரை ஒழுங்காக ஏறியது. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் எண் இறங்க ஆரம்பித்தது. பெருக்கி வந்த எண், அந்தச் சிப்பில் ‘இன்ட்’ என்ற எண் வகைக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகி, கழித்தல் எண்ணாகிவிட்டது; சூடு ஏற ஏற அது பூஜ்யத்தை நோக்கி வந்தது. டிஸ்பிளேயில் கழித்தல் குறிக்கு இடமே வைக்கவில்லை நான். உள்ளே நூற்று முப்பத்தேழு டிகிரி கொதித்தபோது அக்கா கண்ணுக்கு நூற்றுப் பத்தொன்பது தெரிந்திருக்கிறது.

பெரிய எண்ணுக்கு இடம் கொடுக்கும் ‘லாங்’ என்ற ஒரு வார்த்தையைப் புரோகிராமில் சேர்த்ததும் சரியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த மாதமே அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

அரை வருடம் இதைச் சுமந்துகொண்டே வேலைக்குப் போனேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பாயா ரும்புட் என்ற ஊரில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அக்கா புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார். தேநீர் கொடுத்தார். குடிக்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கேன்.” கண்ணாடியை மடக்கிவிட்டு, “அன்னிக்கே சொல்லியிருக்கலாம் தம்பி. என் கண்ணையே நான் நம்பாமப் போயிட்டேன்” என்றார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். இப்போது சரியாக ஓடுகிறதல்லவா, விட்டுவிடு என்றார். விடாமல், தவறு என்னுடையது என்று மலாய் மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அக்காவின் ஃபைலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். சேர்த்தார்களா என்று தெரியாது. அதன் நகலை அக்காவிடம் கொண்டுபோனேன். நின்றபடியே வாங்கிக்கொண்டு, மகள் வந்ததும் படிக்கச் சொல்கிறேன் என்றார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை.