நாலு பட்டைப் பாரை

நான் இனயம் கடற்கரையில் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு. தெரியாத ஆளிடம் பேச வேண்டுமென்றால் எனக்கு வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால்கூட, எல்லோரும் போய்த் தொலையட்டும் என்று தூணுக்குப் பின்னால் நிற்பேன். அப்படிப்பட்ட நான்தான் ஒருநாள் பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்களை ஏமாற்றப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை.

முன்பெல்லாம் ஒரு பேராசிரியர் கண்ணாடிப் பாட்டில்களோடு எங்கள் கரைக்கு வருவார். மீனை மருந்துத் தண்ணீரில் ஊறப்போடுவார், அதைப் பார்த்துப் படம் வரைவார், இது என்ன மீன் என்று கேட்டு வெளிநாட்டுக்குத் தபால் அனுப்புவார். பதில் வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். ஒருமுறை வந்த பதிலில், வால் தெளிவாக இல்லை, மறுபடி வரைந்து அனுப்பவும் என்று இருந்ததாம்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, அதே கல்லூரியிலிருந்து கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். அதற்குள் எல்லார் கையிலும் கேமரா போன் வந்துவிட்டது. வளைகுடாவில் இருக்கும் என் மச்சான் எனக்கும் ஒன்று கொடுத்திருந்தான். வித்தியாசமான மீன் கிடைத்தால் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். எனக்கு ஒரே சந்தோஷம், பேசவே வேண்டாம் அல்லவா! நான் படம் அனுப்புவேன், அவள் அதை ஆராய்ச்சிக்காரர்கள் குழுவில் போடுவாள். நான் கட்டன்சாயா குடித்து முடிப்பதற்குள் மூன்று நாட்டிலிருந்து மீனின் பெயர் வந்துவிடும். நான் பெருவிரல் படம் ஒன்றை அனுப்புவேன். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, வீட்டுக் கறிக்கு என் பங்காகக் கிடைத்த மீனில் நாலு பாரைக் குட்டிகளைக் கரையிலேயே வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். வீட்டுக்கு வந்து பழஞ்சிச் சோற்றில் கை வைத்ததும், அவள் பதிந்து அனுப்பிய குரல் போனில் வந்தது.

"அண்ணே, அந்த மீன கறி வச்சிராதீங்க, கேட்டியளா! பையில சுத்தி ஐஸ்ல போடுங்க. உடம்பெல்லாம் கருப்புப் புள்ளி, நடுவுல வெள்ளையா நாலு பட்டை. இப்படி ஒரு பாரைய யாருமே பாத்ததில்லியாம்!"

மீனை ஐஸ் பெட்டியில் வைத்தேன். மத்தியானத்துக்குள் குழுவில் பேச்சு எங்கேயோ போய்விட்டது. ஒரு மீனில் மூன்று பட்டைதான் இருந்தது. நாலு பட்டை ஆண், மூன்று பட்டை பெண் என்று வெளிநாட்டு ஆள் ஒருவர் எழுதியிருந்தாராம். மூன்று மணிக்கு மறுபடி அவள் குரல்.

"வேற யாரும் முந்துறதுக்கு முன்னால, அஞ்சு மணிக்கு எங்க கைடு சார் கட்டுரைய நெட்டுல போடுறாரு அண்ணே. அப்புறம் அத அழிக்க முடியாது, எம்பேருலதான் வரும். நாலு வருசமா கெடந்து படிக்கேன், இன்னைக்குத்தான் கரை தெரியுது."

கூடவே என் படத்தைப் பெரிதாக்கி, பட்டைகளைச் சிவப்பு வட்டத்தில் அடைத்து அனுப்பியிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயோ பார்த்த பட்டை மாதிரி இருந்தது. மெல்ல என் வலது கையைப் படத்தின் மேல் வைத்தேன். நாலு விரலும் நாலு பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டன.

எங்கள் கரையில் கருமணல். மீன் கையில் வழுக்காமல் இருக்க, மணலில் ஒரு புரட்டுப் புரட்டித்தான் எடுப்போம். அந்த மணல்தான் புள்ளி. நான் பிடித்த இடத்தில் மணல் துடைபட்டுப் போனதுதான் பட்டை. மூன்று பட்டை மீன் பெண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. அது சின்ன மீன், சுண்டுவிரலுக்கு இடம் இருக்கவில்லை.

மணி நாலரை. அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மூன்று தரம் நம்பரை அமுக்கி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். குரல் பதிந்து அனுப்பப் பார்த்தேன். "ம்... அது வந்து..." என்பதற்கு மேல் வரவில்லை. எழுதலாமென்றால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நான் 'மணல்' என்று முடிப்பதற்குள் கட்டுரை உலகம் சுற்றிவிடும். கடைசியில் வாளியில் தண்ணீர் பிடித்தேன். போனை அம்மிமேல் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துக் கழுவினேன். புள்ளி போயிற்று, பட்டையும் போயிற்று. சாதாரணப் பாரை பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதை மறுபடி முற்றத்து மணலில் புரட்டி, விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். நாலு பட்டை திரும்பி வந்தது.

அப்போதுதான் என் மனைவி சமையற்கட்டிலிருந்து வந்தாள்.

"ஏ மனுசா, கழுவுன மீன மறுபடி மண்ணுல போட்டு உருட்டுதீரா? கிறுக்கு புடிச்சிட்டா? மசாலா அரச்சு வச்சு மணி எவ்வளவு ஆவுது! மீனுக்குக் குளிப்பாட்டிப் பவுடரும் போட்டு விடும்!"

அதுவும் பதிவாகிவிட்டது. அந்தத் துண்டை வெட்டியெடுக்க எனக்குத் தெரியாது. அப்படியே அனுப்பினேன்.

பதில் வருவதற்குள் மீதி மூன்று மீனையும் கழுவி வைத்தேன். நாலு வருஷப் படிப்பை வாளித் தண்ணீரில் கழுவிவிட்டோமே என்று இருந்தது. அப்புறம் குரல் வந்தது. முதலில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"சார் பட்டன்ல கை வச்சிட்டாரு அண்ணே. நான்தான் போய் கையப் புடிச்சேன். நல்லவேளை அனுப்பினீங்க, இல்லேன்னா ஆயுசுக்கும் என்னைய மணல் டாக்டர்னுதான் கூப்பிடுவானுவ."

வீடியோவை அவள் குழுவிலும் போட்டாள். போட்டால்தானே மற்றவர்களும் அடங்குவார்கள். ஆண் பெண் பிரித்தவர் தான் எழுதியதை அழித்துவிட்டாராம். வேறொருவர், அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாராம். 'மாதிரிகளைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்' என்று இவள் மொழிபெயர்த்தாளாம்.

அதற்குப் பிறகு எந்தப் படம் அனுப்பினாலும் முதலில் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "கழுவியாச்சா?" நான் பெருவிரலைக் காட்டுவேன்.

பழைய மீன்களை வைத்தே அவள் பட்டம் வாங்கினாள். தடித்த புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் புறவாசல் வழியாக வள்ளத்தடிக்குப் போய்விட்டேன். அவள் போன பிறகு மனைவி ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினாள். படம் எடுக்கும்போது வரும் தவறுகள் என்று ஒரு பகுதி, அதில் என் வீடியோவிலிருந்து எடுத்த படம். பாரை, மணல், நாலு விரல். முகம் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மனைவி கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"உலகமே பாக்குத புத்தகம். அந்த நகத்தையாவது வெட்டியிருக்கலாம்லா."