அவிழ்க்காத கேபிள்

எல்லாவற்றுக்கும் என் சோம்பல்தான் காரணம். கல்யாண வீடியோ எடிட் செய்யும் பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டும், அதற்கேற்ற பவர் சப்ளையும் நானே மாட்டினேன். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் பழைய கேபிளை மட்டும் டிஸ்கிலிருந்து அவிழ்க்காமல், மறுமுனையைப் புது பவர் சப்ளையில் செருகினேன். ப்ளக் பொருந்தியது, உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. சுவிட்சைப் போட்டதும் டிஸ்க் கருகியது. அதில் திருவிடந்தைக் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ இருந்தது. வேறு நகல் இல்லை.

மாப்பிள்ளை கடைக்கு வந்தார். கல்யாணமான பத்தாம் நாள் அவர் அப்பா இறந்திருந்தார்.

"ஒண்ணுமே வராதா அண்ணாத்த?"

"வராதுப்பா. என் தப்புதான்."

"வுடு. நைனா போட்டோ வூட்ல கீது. கொரலுதான் இல்ல."

திட்டாமல் எழுந்து போய்விட்டார்.

கார்டு நன்றாகவே ஓடுகிறது. வீடியோவில் எந்த அப்பா எவ்வளவு உளறினாலும் இப்போது நான் வெட்டுவதில்லை.