மேல்தளத்து அறை

கப்பல் சுற்றுலாவுக்குப் பதிவு செய்ய மயிலாடுதுறையில் ஒரு ஏஜென்டிடம் போனேன். கட்டை உருவம், தாடையில் தழும்பு. கிராம்பை மென்றுகொண்டே பேசுவார், சிரிக்கவே மாட்டார்.

"மேல்தளத்துல, முன்பக்கம், பால்கனியோட ரூம் வேணும்" என்றேன்.

"உங்களுக்கு அது வேணாம். கீழ்த்தளத்துல நடுவுல எடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். கீழே நில் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

"எங்களுக்குக் கீழ்த்தளம் போதும்னு சொல்ல நீங்க யாருங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் நான் கேட்ட அறையையே பதிவு செய்து, டிக்கெட்டை மேசையில் வீசினார்.

பயணத்தில் கடல் கொந்தளித்தது. மேலே ஆட்டம் தாங்கவில்லை. மூன்று நாளும் என் மனைவி வாந்தியெடுத்தே துவண்டுபோனாள்.

திரும்பியதும் நேரே அவரிடம் போனேன். "இப்படி ஆடும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பத்து வருஷம் கப்பல்ல வாந்தி அள்ளினவன் நான். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கீழ நடுவுல ஆட்டம் கம்மின்னு சொல்லியிருப்பேன். நீங்க சண்டைக்குல்ல வந்தீங்க."

அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் என் தம்பி கப்பலில் போக வேண்டும் என்றபோது அவரிடம்தான் அனுப்பினேன்.